ஹோல்டு, பேமென்ட், எக்ஸ்பைரி: புக்கிங் லாஜிக்கைச் சரிபார்க்க டிஎல்ஏ பிளஸா, அலாயா, டேட்டாபேஸ் விதியே போதுமா?

அரைவட்டம் கேட்டது:

அறை முன்பதிவு சர்வீஸ் ஒன்று. பைத்தான், போஸ்ட்கிரெஸ், பின்னணியில் ஒரு க்யூ. ஒவ்வொரு புக்கிங்கும் டேபிளில் ஒரு ரோ: அறை எண், தொடக்க நேரம், முடிவு நேரம், நிலை.

ஓட்டம் இப்படி. பயனர் நேரத்தைத் தேர்ந்தெடுத்ததும், அந்த நேரத்தில் வேறு புக்கிங் உண்டா என்று ஒரு செலக்ட். இல்லையென்றால் 'ஹோல்டு' நிலையில் இன்சர்ட். 10 நிமிடத்துக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டியதும் பேமென்ட் கேட்வே வெப்ஹுக் (நம் சர்வருக்குத் தானாக வரும் அறிவிப்பு) அனுப்பும், அது க்யூவில் விழும். ஒர்க்கர் அதை எடுத்து, புக்கிங் இன்னும் ஹோல்டில் இருக்கிறதா என்று பார்த்து, இன்வாய்ஸ் தயாரித்து, நிலையை 'உறுதி' என்று மாற்றும். இது தவிர நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் கிரான் ஜாப் ஒன்று, நேரம் கடந்த ஹோல்டுகளை 'காலாவதி' ஆக்கும்.

எப்போதாவது ஒரே அறைக்கு ஒரே நேரத்தில் இரண்டு 'உறுதி' வந்துவிடுகிறது. யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை. லோடு டெஸ்டிலும் சிக்கவில்லை.

இதோடு அனுமதி விதிகளும் இருக்கின்றன: குழுவுக்குள் குழு, குழுவுக்கு ஒரு மேலாளர், மேலாளர் இல்லாதபோது அவருடைய பிரதிநிதி அங்கீகரிக்கலாம், தன் கோரிக்கையைத் தானே அங்கீகரிக்கக் கூடாது.

முழு நிரூபணம் எழுத நேரமும் இல்லை, ஆளும் இல்லை. இந்த அளவுக்கு எந்தக் கருவி பொருந்தும்? மாடல், அதாவது சர்வீஸின் நடத்தையைச் சுருக்கி எழுதும் விவரிப்பு, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? டேட்டாபேஸில் ஒரு கன்ஸ்ட்ரெய்ன்ட் (மீறினால் மறுக்கும் விதி) போட்டுவிட்டால் இதெல்லாம் தேவையே இல்லையா?


நிலைமாற்றி:

நீங்கள் எழுதியதைப் படித்தாலே இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. செலக்டுக்கும் இன்சர்டுக்கும் நடுவே ஒன்று, ஒர்க்கர் நிலையைப் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இன்னொன்று. இந்த இரண்டை அடைக்க எந்தக் கருவியும் வேண்டாம். அடைத்த பிறகு மூன்றாவது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடத்தான் மாடல். புக்கிங் ஓட்டத்துக்கு டிஎல்ஏ பிளஸ் எடுங்கள், அடி அடியாக நடப்பதை எழுதும் மொழி அது. அனுமதி விதிகளுக்கு அது தோதுப்படாது, அதற்கு உறவுகளை எழுதிச் சோதிக்கும் அலாய்.

மாடலில் அறையும் வேண்டாம், நேரமும் வேண்டாம். ஒரே அறை, ஒரே நேரம், அதற்குப் போட்டியிடும் இரண்டு புக்கிங் 'அ', 'ஆ'. ஒவ்வொரு புக்கிங்குக்கும் மூன்று மாறிகள்:

நிலை: இல்லை, பார்த்தாயிற்று, ஹோல்டு, உறுதி, காலாவதி.
பணம்: இல்லை, வந்தது, திருப்பியாயிற்று.
ஒர்க்கர்: சும்மா, படித்தாயிற்று, முடிந்தது.

ஒரு புக்கிங்குக்கு அதிகபட்சம் 5 × 3 × 3 = 45 சேர்க்கைகள். இரண்டு புக்கிங்குக்கு 2,025, மூன்றுக்கு 91,125, நான்குக்கு 41,00,625. இது மேல்வரம்புதான், உண்மையில் எட்டக்கூடிய நிலைகள் இதைவிடக் குறைவு. டிஎல்ஏ பிளஸ் மாடலின் நிலைகளையெல்லாம் தேடிப் பார்க்கும் கருவியான டிஎல்சி இதை நொடிகளில் மென்று முடித்துவிடும். மூன்று புக்கிங்குக்கு மேல் போகாதீர்கள்.

முதலில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று: மாடலில் "அறை யாருக்கு" என்று ஒரே மாறி வைத்துவிடுவது. அப்படி வைத்தால் ஒரு அறைக்கு ஒருவர்தான் என்பது அந்த மாறியின் வடிவத்திலேயே வந்துவிடும், இன்வேரியன்ட் (எந்த நிலையிலும் உண்மையாக இருக்க வேண்டிய விதி) உடையவே உடையாது. கோடில் புக்கிங்குக்கு ஒரு ரோ இருக்கிறது. மாடலிலும் புக்கிங்குக்கு ஒரு நிலை என்றே வையுங்கள். தப்பு நடக்க மாடலில் இடம் இருந்தால்தான் நடக்கவில்லை என்று சொல்வதற்கு அர்த்தம்.

அடுத்தது இன்வேரியன்ட். "இரண்டு உறுதி கூடாது" என்று எழுதாதீர்கள். "ஹோல்டு அல்லது உறுதி நிலையில் ஒன்றுக்கு மேல் கூடாது" என்று எழுதுங்கள். முதலில் ஹோல்டு போடுவதை ஒரே அடியாக, அதாவது செலக்டும் இன்சர்டும் பிரிக்க முடியாதபடி வைத்து ஓட்டினால் கிடைப்பது இது:

1. இரண்டும் 'இல்லை'.
2. அ ஹோல்டு.
3. அ பணம் கட்டியாயிற்று.
4. அ-வின் ஒர்க்கர் படிக்கிறது: ஹோல்டு என்று பார்க்கிறது.
5. கிரான் ஜாப் அ-வைக் காலாவதி ஆக்குகிறது.
6. ஆ ஹோல்டு.
7. அ-வின் ஒர்க்கர் 'உறுதி' என்று எழுதுகிறது. இன்வேரியன்ட் உடைந்தது.

இரண்டு உறுதி வரும் வரை காத்திருந்தால் இதே தவறுக்கு 10 நிலைகள் வேண்டும். ட்ரேஸ் (தவறு வரை போகும் அடிகளின் வரிசை) சின்னதாக இருந்தால்தான் மீட்டிங்கில் காட்டிப் புரியவைக்க முடியும். டிஎல்சி அகலவாக்கில் தேடுவதால் முதலில் வருவது பொதுவாக மிகச் சிறிய ட்ரேஸ். பல த்ரெட் போட்டு ஓட்டினால் அந்த உத்தரவாதம் கொஞ்சம் தளரும். செலக்டையும் இன்சர்டையும் தனித்தனி அடியாகப் பிரித்தால், இருவரும் 'காலி' என்று பார்த்து இருவரும் இன்சர்ட் செய்யும் 5 நிலை ட்ரேஸ் முன்னால் வந்து நிற்கும். டிஎல்ஏ பிளஸாக மாற்றப்படும், கோட் போன்ற பிளஸ்கால் மொழியில் எழுதினால் இரண்டு லேபிளுக்கு நடுவே இருப்பதெல்லாம் ஒரே அடி. லேபிளை எங்கே வைக்கிறீர்களோ அங்கேதான் இன்னொருவர் குறுக்கே புக முடியும். கோடில் ஒவ்வொரு எஸ்க்யூஎல் கூற்றுக்கும் நெட்வொர்க் அழைப்புக்கும் ஒரு லேபிள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிரான்சாக்ஷனுக்குள் இருக்கிறதே என்று லேபிளைச் சேர்த்துவிடாதீர்கள்: போஸ்ட்கிரெஸின் இயல்பான ஐசொலேஷன் (டிரான்சாக்ஷன்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் அளவு) ரீட் கமிட்டட், அதில் கூற்றுக்குக் கூற்று பார்வை மாறும்.

கமாண்ட் லைனில் ஒரு பொறி. எல்லாம் முடிந்து அடுத்த அடி இல்லாத நிலையை டிஎல்சி 'டெட்லாக்' என்று சொல்லி நிற்கும். அதை நிறுத்தும் ஆப்ஷனின் பெயரும் 'டெட்லாக்'தான். அதைக் கொடுத்தால் டெட்லாக் சோதனை நடக்காது என்று பொருள், நடக்கும் என்று அல்ல.

இப்படித் தேடுவது வெறும் பாடத்திட்டச் சமாசாரம் இல்லை. அமேசான் பொறியாளர்கள் 2015-இல் வெளியிட்ட கட்டுரையில், தங்கள் டைனமோடிபி டேட்டாபேஸின் வடிவமைப்பில் டிஎல்சி கண்டுபிடித்த ஒரு பிழையின் மிகச் சிறிய ட்ரேஸே 35 அடிகள் என்று எழுதியிருக்கிறார்கள். கோட் ரிவ்யூவில் 35 அடியைத் தலைக்குள் வைத்துக்கொள்ள யாராலும் ஆகாது.


குறுக்குவெட்டு:

கன்ஸ்ட்ரெய்ன்ட் போதுமா என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன். போதாது. ஆனால் அதைத்தான் முதலில் போட வேண்டும். மாடல் சரியாக இருந்தும் கோடில் யாராவது ஒரு அப்டேட்டை மாற்றி எழுதுவார்கள். கடைசிக் காவல் டேட்டாபேஸ்தான்.

போஸ்ட்கிரெஸில் இதற்கு எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட் இருக்கிறது, 9.0 பதிப்பிலிருந்தே. "அறை எண் சமமாகவும், நேர ரேஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதாகவும் இருக்கும் இரண்டு ரோக்கள் கூடாது, நிலை ஹோல்டு அல்லது உறுதியாக இருந்தால் மட்டும்" என்று அப்படியே அறிவித்துவிடலாம். அறை எண்ணுக்குச் சமம் பார்ப்பதால் பிட்ரீ-ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷனை முதலில் நிறுவ வேண்டும், இல்லையென்றால் 'ஆபரேட்டர் கிளாஸ் இல்லை' என்று திட்டும்.

தப்பு நுழையும் இடங்கள் இவை:

ரேஞ்சின் முனைகள். தொடக்கம் சேர்ந்தது, முடிவு சேராதது என்று வையுங்கள். அப்போதுதான் 10 முதல் 11 வரையும் 11 முதல் 12 வரையும் மோதாது. இரண்டு முனையும் சேர்ந்தது என்றால் அடுத்தடுத்த புக்கிங் எல்லாம் மறுக்கப்படும்.

வெற்று ரேஞ்ச். தொடக்கமும் முடிவும் ஒரே நேரம் என்றால் ரேஞ்ச் காலியாகிவிடும். காலி ரேஞ்ச் எதோடும் மோதாது, அதனால் பூஜ்ய நீள புக்கிங் எத்தனை வேண்டுமானாலும் உள்ளே வரும்.

நல். முடிவு நல் என்றால் அது 'முடிவே இல்லை' என்று எடுத்துக்கொள்ளப்படும். ஒரே ரோ அந்த அறையின் எதிர்காலம் முழுவதையும் பூட்டிவிடும். "தொடக்கம் முடிவை விடச் சிறியது" என்று செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டிருக்கிறேனே என்பீர்கள். செக் பொய் என்று வந்தால்தான் மறுக்கும். நல் வந்தால் விடை 'தெரியாது', அது தேறிவிடும். இரண்டு காலத்துக்கும் நாட் நல் தனியாகப் போடுங்கள்.

காலாவதி நேரம். "ஹோல்டு முடியும் நேரம் இப்போதைய நேரத்தை விடப் பெரிது" என்று கன்ஸ்ட்ரெய்ன்டின் நிபந்தனையில் எழுத முடியாது. அங்கே மாறாத ஃபங்ஷன் மட்டுமே செல்லும், இப்போதைய நேரம் மாறிக்கொண்டே இருப்பது. ஆகவே காலாவதி என்பது நிலை மாற்றமாகவே இருக்க வேண்டும். கிரான் வரும் வரை காத்திருக்காமல், புது ஹோல்டு போடும் டிரான்சாக்ஷனிலேயே அந்த அறையின் பழைய ஹோல்டுகளை முதலில் காலாவதி ஆக்கிவிட்டு இன்சர்ட் செய்யுங்கள். கிரான் அப்புறம் வெறும் துப்புரவுக்குத்தான்.

ஓடும் டேபிளில் சேர்ப்பது. ஃபாரின் கீ, செக் போன்றவற்றை 'நாட் வேலிட்' என்று சேர்த்துப் பிறகு சரிபார்க்கலாம். எக்ஸ்க்ளூஷனுக்கு அந்த வசதி கிடையாது, கன்கரன்டாகவும், அதாவது டேபிளைப் பூட்டாமலும், கட்ட முடியாது. ஏற்கனவே மோதும் ரோக்களை முதலில் சுத்தம் செய்ய வேண்டும், கட்டி முடியும் வரை டேபிள் பூட்டியிருக்கும். டேபிள் பெரிதென்றால் பராமரிப்பு நேரம் ஒதுக்குங்கள். 18-ஆம் பதிப்பில் யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்டிலேயே 'ஓவர்லாப் கூடாது' என்று எழுதலாம், ஆனால் அதில் நிலை பார்க்கும் நிபந்தனை போட முடியாது. உங்களுக்குப் பழைய எக்ஸ்க்ளூஷன்தான்.

மோதினால் வரும் பிழை எண் 23பி01 (ஆங்கில P). அது வந்ததும் டிரான்சாக்ஷன் முழுவதும் செத்துவிடும். அதற்குள்ளேயே தொடர நினைத்தால் முன்கூட்டியே சேவ்பாயின்ட் (பிழை வந்தால் திரும்பிவரும் இடம்) வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் செய்தால் நிலைமாற்றி காட்டிய ட்ரேஸின் 7-ஆவது அடியில் அ-வின் அப்டேட் பிழையாகித் திரும்பும். இரட்டை புக்கிங் வராது. ஆனால் அ-வின் பணம் உங்களிடம் இருக்கிறது, அறை இல்லை. கெட்ட நிலை கூடாது என்பதை மட்டும்தான் கன்ஸ்ட்ரெய்ன்ட் சொல்லும். பணம் வந்தால் கடைசியில் அறையோ ரீஃபண்டோ கிடைத்தே தீர வேண்டும் என்பதைச் சொல்ல அதற்கு வாயில்லை.


நிலைமாற்றி:

அதையேதான் மாடலில் இரண்டாவது விதியாக எழுத வேண்டும்: "பணம் வந்தால், பின்னர் ஒரு கட்டத்தில் உறுதி அல்லது ரீஃபண்ட்." இது லைவ்னெஸ், அதாவது நடக்க வேண்டியது கடைசியில் நடந்தே தீரும் என்ற விதி. ஃபேர்னெஸ், அதாவது செய்ய முடிகிற அடி என்றென்றும் தள்ளிப்போகாது என்ற நிபந்தனை, இல்லாமல் எதுவும் தேறாது. ஃபேர்னெஸ் போடாவிட்டால் "பணம் வந்தது, அப்புறம் யாரும் எதுவும் செய்யவில்லை" என்று டிஎல்சி ஒரு ட்ரேஸைக் காட்டும். ஒர்க்கருக்கும் ரீஃபண்ட் அடிக்கும் மட்டும் வீக் ஃபேர்னெஸ் (தொடர்ந்து வாய்ப்பு இருக்கும் அடி நடந்தே தீரும் என்பது) கொடுங்கள். பயனர் பணம் கட்டுவதற்குக் கொடுக்காதீர்கள், பணம் கட்டாமல் போவது அவர் உரிமை. எல்லாவற்றுக்கும் ஒட்டுமொத்தமாகக் கொடுத்தால் உண்மையான தொங்கல்களும் மறைந்துவிடும்.

ஒர்க்கர் நடுவில் விழுவதைச் சேர்த்தால் வீக் ஃபேர்னெஸ் போதாது. படிக்கும், விழும், படிக்கும், விழும் என்று முடிவில்லாமல் சுற்றும் ட்ரேஸ் வரும். விழும் எண்ணிக்கைக்கு ஒரு எண்ணி வைத்து 1 அல்லது 2-இல் நிறுத்துங்கள், இல்லையென்றால் எழுதும் அடிக்கு ஸ்ட்ராங் ஃபேர்னெஸ் (விட்டுவிட்டு வாய்ப்பு வந்துகொண்டே இருந்தாலும் நடந்தே தீரும் என்பது). எண்ணி வைப்பதுதான் படிக்கிறவர்களுக்கு எளிது. லைவ்னெஸ் பார்க்கும்போது சிமெட்ரி செட் (ஒரே மாதிரியான புக்கிங்குகளை இடம் மாற்றினாலும் ஒன்றே என்று கொண்டு தேடலைக் குறைப்பது) வேண்டாம். அதோடு சேர்த்தால் உண்மையான மீறல் தப்பிப்போகலாம்.

இனி நான் சொன்ன மூன்றாவது ஓட்டை. ஒர்க்கரைத் திருத்தச் சொன்னால் எல்லோரும் எழுதுவது: "நிலை ஹோல்டாக இருந்தால் மட்டும் உறுதி ஆக்கு, மாறிய ரோ எண்ணிக்கை பூஜ்யம் என்றால் ரீஃபண்ட்." பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மாடலில் "அதே வெப்ஹுக் இரண்டாம் முறை வரலாம்" என்று ஒரு அடி சேர்த்து, "உறுதியும் ரீஃபண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது" என்று இன்வேரியன்ட் வையுங்கள். உடனே உடையும். முதல் வெப்ஹுக் உறுதி ஆக்குகிறது. இரண்டாவதுக்கு நிலை ஹோல்டு இல்லை, ரோ எண்ணிக்கை பூஜ்யம், ரீஃபண்ட் போகிறது. வாடிக்கையாளருக்கு அறையும் கிடைத்தது, பணமும் திரும்பியது. வெப்ஹுக்கும் க்யூவும் பொதுவாக 'குறைந்தது ஒரு முறை' என்றுதான் வாக்குக் கொடுக்கும், ஆகவே இது நடந்தே தீரும்.

திருத்தம்: பூஜ்யம் வந்தால் ரோவை மறுபடி படி. இதே பேமென்ட் ஐடியால் உறுதி ஆகியிருந்தால் சும்மா விடு. காலாவதி என்றால் மட்டும் ரீஃபண்ட். ரீஃபண்ட் டேபிளில் பேமென்ட் ஐடிக்கு யூனிக். இன்வாய்ஸ் தயாரிப்பதை உறுதிக்குப் பின்னால் தள்ளுங்கள், இப்போது அது படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே உட்கார்ந்து இடைவெளியை அகலமாக்குகிறது.


வெற்றுக்கணம்:

அனுமதி விதிகளை அலாயில் எப்படி வைப்பது என்று பார்ப்போம். இங்கே ஓட்டம் இல்லை, உறவுகள்தான்: குழுவின் மேல்குழு, குழுவின் மேலாளர், மேலாளரின் பிரதிநிதி, உறுப்பினர்கள், கோரிக்கையை எழுப்பியவர். அலாயில் எல்லாமே உறவு என்பதால் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

அசெர்ட் (சோதிக்க வேண்டிய கூற்று): எந்தக் கோரிக்கையையும் எழுப்பியவரே அங்கீகரிக்கக் கூடியவர்கள் பட்டியலில் இருக்கக் கூடாது. உங்கள் விதியை அப்படியே எழுதி ஓட்டினால் எதிர்க்காட்டு உடனே வரும் என்று இப்போதே சொல்லலாம்: இரண்டு ஆட்கள், ஒரு குழு. மேலாளர் ஒருவர், அவருடைய பிரதிநிதி கோரிக்கை எழுப்பியவரே. "தானே அங்கீகரிக்கக் கூடாது" என்ற சோதனை மேலாளர் பெயரை மட்டும் பார்த்தால் பிரதிநிதி வழியாக நழுவிவிடும். அதை அடைத்தால் அடுத்தது மேல்குழுவின் மேலாளர் வழியாக வரும்.

ஆனால் பெரிய ஆபத்து எதிர்க்காட்டு வராமல் இருப்பதுதான். ஒரு உதாரணம், அசலாக நடப்பது. குழுவுக்கு 'மேல்குழு: குழு' என்று ஒரு ஃபீல்டு எழுதுகிறீர்கள். அலாயில் அதற்கு எத்தனை என்று எதுவும் சொல்லாவிட்டால் 'சரியாக ஒன்று' என்று பொருள். அடுத்து, எந்தக் குழுவும் தனக்குத்தானே மூதாதையாக இருக்கக் கூடாது என்று ஒரு ஃபேக்ட் (எப்போதும் உண்மை என்று மாடல் கொள்ளும் விதி). இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஒவ்வொரு குழுவுக்கும் மேலே ஒரு குழு இருந்தே ஆக வேண்டும், சுழலும் கூடாது, எண்ணிக்கையோ வரம்புக்குட்பட்டது. ஒரு குழுகூட இருக்க முடியாது! குழுவே இல்லாத உலகத்தில் குழுவைப் பற்றிய எல்லா அசெர்டும் தேறும். பச்சை விளக்கு எரிகிறது, சோதித்தது ஒன்றும் இல்லை. 'லோன்', அதாவது பூஜ்யம் அல்லது ஒன்று, என்று மாற்ற வேண்டும்.

அதனால் ஒழுங்கு இது. ஃபேக்ட் ஒவ்வொன்று சேர்த்ததும், அசெர்டைச் சோதிக்கும் செக் கட்டளையை ஓட்டும் முன், "குறைந்தது இரண்டு குழு, ஒன்றுக்கு மேல்குழு உண்டு, ஒரு கோரிக்கை உண்டு" என்று எடுத்துக்காட்டு தேடும் ரன் கட்டளை கொடுத்துப் படம் வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் அன்சாட் கோர் தரும் சால்வரை மெனுவில் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டுங்கள், ஒன்றோடொன்று முட்டும் வரிகளை நிறமிட்டுக் காட்டும். முடிந்தவரை ஃபேக்டைக் குறைத்து பிரெடிகேட்டாக (அழைக்கும்போது மட்டும் பொருந்தும் நிபந்தனையாக) எழுதி, அசெர்டுக்குள் "இது இருந்தால் அது" என்று வையுங்கள்.

ஸ்கோப் (எத்தனை பொருள்கள் வரை தேட வேண்டும் என்ற வரம்பு) எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு சிக்னேச்சருக்கும், அதாவது குழு, ஆள் போன்ற ஒவ்வொரு வகைக்கும், 3. 4 அல்லது 5 வரை கூட்டிப் பாருங்கள். இரண்டு தொகுதிகளுக்கு நடுவே ஒரு உறவு, இரண்டிலும் 3 என்றால் 512 சாத்தியம். 5 என்றால் 3,35,54,432. மூன்று தொகுதிகளை இணைக்கும் உறவு 5-இல் 2-இன் 125-ஆம் அடுக்கு. அலாய்க்காக உள்ளே விடை தேடும் சாட் சால்வர் இதை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லைதான், ஆனாலும் மூன்று இணைப்பு உறவுகளைக் குறைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். முழு எண் வேண்டாம். இயல்பான அளவு 4 பிட், −8 முதல் 7 வரை. 7-க்கு மேல் கூட்டினால் எதிர்பாராத விடை. நேரத்தை எண்ணாக வைக்காமல் வரிசைப்படுத்திய தொகுதியாக வையுங்கள்.

சின்ன ஸ்கோப்பில் என்ன பெரிதாகக் கிடைக்கும் என்பவர்களுக்கு: கணினிகளை வளையமாக இணைக்கும், 2001-இல் வெளியான கார்ட் என்ற நெறிமுறை சரி என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. பமேலா ஸேவ் அலாய் மாடல் எழுதி 2012-இல் அதன் வெளியான வடிவம் எதுவும் சரியில்லை என்று காட்டினார்.

மாடல் சரியானதும் அதை எஸ்க்யூஎல்லில், மேல்குழுவின் மேல்குழு என்று ஏறிக்கொண்டே போகும் ரிகர்சிவ் வினவலாக எழுதுவீர்கள். யூனியன் போட்டால் ஏற்கனவே வந்த ரோக்கள் கழிக்கப்படும், குழுக்களில் சுழல் இருந்தாலும் நின்றுவிடும். யூனியன் ஆல் போட்டால் நிற்காது. யூனியன் போட்டுவிட்டு 'ஆழம்' என்று ஒரு காலம் சேர்ப்பவர்களும் உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் ஆழம் மாறுவதால் ரோ புதிதாகவே தெரியும், மறுபடி முடிவில்லாச் சுழல்.


மூன்றாம்தசமம்:

நடுவில் ஒரு தடை. நான்கு திரைகள், ஒரு டேபிள், ஒரே எழுத்தாளர் என்றிருக்கும் சர்வீஸுக்கு இதில் எதுவும் வேண்டாம், செக்கும் யூனிக்கும் போதும். ஒரே தரவை இரண்டு பேர் தனித்தனி நேரத்தில் தொடுகிறார்களா, நடுவில் விழுந்தால் பாதியில் நிற்குமா, மெசேஜ் இரண்டு முறை வருமா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மாடல் எழுதலாம். உங்களுக்கு மூன்றும் ஆம்.

முழு நிரூபணம் இல்லாமல் இப்படிச் சின்ன மாடலால் சோதிப்பதை 'லைட்வெயிட்' ஃபார்மல் முறை என்பார்கள், அதைக் குறைந்த உழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டேனியல் ஜாக்சனும் ஜெனெட் விங்கும் 1996-இல் இந்தப் பெயரில் எழுதியபோது சொன்னது பகுதியாக்கல்: சிஸ்டத்தின் ஒரு பகுதி மட்டும், மொழியின் ஒரு பகுதி மட்டும், ஆய்விலும் ஒரு பகுதி மட்டும். எந்தப் பகுதியை விடுகிறோம் என்பதை மாடல் ஃபைலின் தலையிலேயே எழுதி வையுங்கள். "கேட்வே பொய் சொல்லாது என்று கொள்கிறோம்" மாதிரி வரிகள். பிழை பெரும்பாலும் அங்கேதான் வந்து உட்காரும்.


அரைவட்டம்:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். கன்ஸ்ட்ரெய்ன்டும் மாடலும் புரிந்துவிட்டது. ஒன்று மட்டும் இடிக்கிறது: மாடல் தனி ஃபைல், கோட் தனி. ஆறு மாதத்தில் கோட் மாறிவிடும், மாடல் அப்படியே கிடக்கும். இரண்டையும் எப்படி ஒட்ட வைப்பது? மாடலிலிருந்து கோட் உருவாக்குவது சாத்தியமா?


சுருக்குப்பை:

உருவாக்குவதை விடுங்கள், உங்கள் அளவுக்கு அது வேண்டாத வேலை. நடைமுறையில் ஓடும் வழி ப்ராப்பர்ட்டி டெஸ்ட்: மாடலைப் பைத்தானிலேயே ஒரு டிக்ஷனரியாக மறுபடி எழுதி, அசல் சர்வீஸையும் அதையும் ரேண்டமாக உருவாக்கிய ஒரே கட்டளைகளால் ஓட்டி ஒப்பிடுவது. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையின் ஷார்ட்ஸ்டோர் நோடுக்கு இதைத்தான் செய்தார்கள். 2021-இல் வெளியான கட்டுரை. 40,000 வரிக்கு மேல் ரஸ்ட் கோட், அதற்கு இயக்கக்கூடிய சின்ன மாடல், அந்த மாடலும் அதே ரஸ்டில், அதே ரெப்போவில். மாடலை ஃபார்மல் நிபுணர்கள் இல்லாமல் அந்த டீமே பராமரிக்க முடிந்ததற்கு அந்த ஒரே மொழிதான் காரணம்.

பைத்தானின் ஹைப்பாதெசிஸ் நூலகத்தில் ரூல் அடிப்படையிலான ஸ்டேட் மெஷின் (நீங்கள் கொடுக்கும் ரூல்களை ரேண்டமான வரிசையில் ஓட்டிப் பார்ப்பது) இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய ரூல்கள்: ஹோல்டு போடு, பணம் கட்டு, வெப்ஹுக் கொடு, அதே வெப்ஹுக்கை மறுபடி கொடு, கடிகாரத்தை நகர்த்து, கிரான் ஓட்டு. ஒவ்வொரு அடிக்கும் பிறகு டிஎல்ஏ மாடலில் எழுதிய அதே இன்வேரியன்டுகள். பெயரும் அதேயாக வையுங்கள், ஒன்றை மாற்றுபவர் மற்றதைத் தேடிப் பிடிக்க வசதி.

கவனிக்க வேண்டியவை.

கடிகாரம் வெளியிலிருந்து கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எஸ்க்யூஎல்லுக்குள் 'இப்போதைய நேரம்' என்று எழுதியிருந்தால் டெஸ்டால் நகர்த்த முடியாது. நேரத்தை அளவுருவாக அனுப்புங்கள்.

மதிப்புகளின் பரப்பைச் சுருக்குங்கள். அறை 2, மணி 0 முதல் 4 வரை. முழுத் தேதி நேரத்தையும் ரேண்டமாக விட்டால் இரண்டு புக்கிங் மோதுவதே அபூர்வம். மேலே வெற்றுக்கணம் சொன்ன பச்சை விளக்குதான் இங்கேயும். புள்ளிவிவரம் காட்டும் ஆப்ஷனைப் போட்டு, எத்தனை ஓட்டத்தில் மோதல் வந்தது, எத்தனையில் காலாவதிக்குப் பின் வெப்ஹுக் வந்தது என்று ஈவென்ட் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் டெஸ்ட் வீண்.

இயல்பாக 100 ஓட்டம், ஓட்டத்துக்கு அதிகபட்சம் 50 அடி. புல் ரிக்வெஸ்டுக்கு இது சரி, இரவு ஓட்டத்துக்கு 5,000 வையுங்கள். ஒரு ஓட்டத்துக்கான டெட்லைன் 200 மில்லிசெகண்ட். டேட்டாபேஸ் தொடும் டெஸ்டில் அது காரணமில்லாமல் சிவக்கும், எடுத்துவிடுங்கள்.

பைடெஸ்ட் ஃபிக்ஸ்சர் (டெஸ்டுக்கு முன் தயார்செய்யும் ஃபங்ஷன்) டெஸ்டுக்கு ஒரு முறைதான் ஓடும், 100 ஓட்டத்துக்கும் தனித்தனியாக ஓடாது. டேபிளைக் காலி செய்வதை ஸ்டேட் மெஷினின் தொடக்கத்திலேயே செய்யுங்கள். முந்தைய ஓட்டத்தின் மிச்சம் ஒட்டியிருந்தால், தோற்ற ஓட்டத்தைச் சின்னதாகச் சுருக்கும்போது தோல்வி மறைந்து 'ஃப்ளேக்கி' என்று முறையிடும்.

இன்னொன்று, இது முக்கியம். இந்த டெஸ்ட் ஒரே த்ரெடில் ஓடுகிறது. ஒர்க்கர் ஒரே ஃபங்ஷனாக இருந்தால், படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே கிரான் புகும் அந்த 7 நிலை ட்ரேஸ் இதில் வரவே வராது. ஒர்க்கரைப் 'படி', 'எழுது' என்று இரண்டு ஃபங்ஷனாக உடைத்து, இரண்டையும் தனி ரூலாகக் கொடுங்கள். டிஎல்ஏ மாடலில் லேபிள் இருக்கும் இடம்தான் கோடிலும் உடைக்க வேண்டிய இடம். உடைத்ததும், பழைய நிபந்தனையில்லாத அப்டேட்டை வேண்டுமென்றே திரும்பப் போட்டு ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் பிடித்து, ஹோல்டு, பணம், படி, நகர்த்து, கிரான், ஹோல்டு, எழுது என்ற அளவுக்குச் சுருக்கிக் கொடுக்க வேண்டும். எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட் இருக்கும் டேபிளில் இதே சோதனை டேட்டாபேஸ் பிழையாகத்தான் தெரியும், அதனால் கன்ஸ்ட்ரெய்ன்ட் இல்லாத நகல் ஸ்கீமாவில் ஓட்டுங்கள்.


நிலைமாற்றி:

சுருக்குப்பை சொன்ன வேண்டுமென்றே உடைக்கும் சோதனையை டிஎல்சிக்கும் செய்யுங்கள். சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனையில்) இரண்டு கான்ஃபிக் ஃபைல்: ஒன்று இன்றைய வடிவமைப்பு, தேற வேண்டும். மற்றது 'நிலை ஹோல்டாக இருந்தால்' என்ற நிபந்தனையை ஒரு கான்ஸ்டன்டால் அணைத்தது, தோற்க வேண்டும். இரண்டாவது தேறிவிட்டால் பில்டை நிறுத்துங்கள், யாரோ இன்வேரியன்டைத் தளர்த்திவிட்டார்கள் என்று பொருள். டிஎல்சி மீறல் கண்டால் பூஜ்யமல்லாத எக்சிட் கோடோடு முடியும். மாடலில் எழுத்துப்பிழை இருந்தாலும் அப்படித்தான் முடியும். அதனால் இரண்டாவதில் எக்சிட் கோடை மட்டும் நம்பாமல், வெளியீட்டில் இன்வேரியன்டின் பெயர் வருகிறதா என்றும் பாருங்கள்.


அரைவட்டம்:

சரி. எக்ஸ்க்ளூஷனும் ரீஃபண்ட் டேபிள் யூனிக்கும் முதலில். பிறகு ஒர்க்கரை உடைத்து ஸ்டேட் மெஷின் டெஸ்ட், அதற்குப் பக்கத்திலேயே டிஎல்ஏ ஃபைல். பிரதிநிதி விதியை அலாயில் தனியாகப் போட்டுவிட்டு, எதிர்க்காட்டு எதுவும் புரியாவிட்டால் இங்கேயே ஒட்டுகிறேன்.